ஊதாக் கறையும் ஸ்லைம் மிஸ்ஸும்

"இது மூணாவது சட்டை, மிஸ்."

மழலையர் பள்ளியை நடத்தும் பெரிய மிஸ், ஒரு குட்டி வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்தார். முழுக்கையின் ஓரத்தில் ஊதாக் கறை.

"எல்லாம் உங்க கொழகொழ ஸ்லைம் பண்ற வேலை. வெள்ளிக்கிழமையோட அந்த மேசையை எடுத்துடுறேன். அங்க எழுத்துப் பயிற்சி வைக்கலாம்."

"எடுக்க விடமாட்டேன்."

பெரிய மிஸ்ஸை எதிர்த்து அந்தப் பள்ளியில் மின்விசிறிகூடச் சத்தம் போட்டதில்லை. அந்த மேசையில் பிள்ளைகளை ஸ்லைம் உருட்டி விளையாட வைக்கும் ஸ்லைம் மிஸ்ஸுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. ஆனால் வாயை விட்டாயிற்று.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கறையே படாத ஸ்லைம் பண்ணிக் காட்டுறேன். முடியலேன்னா மேசையோட நானும் போறேன்."

இந்த வீம்புக்குக் காரணம் ஒரு சிறுமி. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆயா அவளுக்கு மௌனச்சாமி என்று பெயரே வைத்துவிட்டாள். ஸ்லைம் தட்டில் கையை விட்டால் மட்டும் அவள் கலகலவென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்க ஸ்லைம் மிஸ்ஸுக்கு மனமில்லை.

திங்கட்கிழமை, பசையும் சோடா உப்பும் பிசைந்த ஸ்லைமில் கேக் கலரைக் கிண்ணத்துக்கு இரண்டே சொட்டு விட்டார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக உருட்டி ஊதாவாக்கிவிட்டார்கள். மறுநாள் நான்கு சட்டைகள் வந்தன.

"மஞ்சள் மட்டும் போடுறேன். தட்டும் புதுசு. விளையாடி முடிச்சதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்று செவ்வாய்க்கிழமை சட்டம் போட்டார்.

பிள்ளைகள் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினார்கள். அங்கே பெரிய மிஸ் வழக்கம்போல வீட்டுக்குப் போகிறவர்களின் மணிக்கட்டில் ரப்பர் முத்திரையை மையில் தொட்டு 'சமர்த்து' ஸ்டார் குத்திக்கொண்டிருந்தார். கை கழுவியது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"சபாஷ்! இன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு ஸ்டார்!"

புதன்கிழமை ஏழு சட்டைகள் வந்தன. அதே ஊதா.

"மஞ்சள் எப்படி மிஸ் ஊதாவாகும்?"

"சோப்புப் பட்டா கலர் மாறும். எனக்குச் சொல்லித் தராதீங்க" என்றார் பெரிய மிஸ்.

அன்று மாலை ஸ்லைம் மிஸ் தன் கணவரின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் ஸ்லைமைத் தேய்த்து, சோப்புப் போட்டு அலசினார். பளிச்சென்று இருந்தது.

"என் சட்டைதான் கிடைச்சுதா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க. என் மானம் போகுது."

வியாழக்கிழமை கலரே போடவில்லை. பழைய மழைக்கோட்டை வெட்டிப் பிள்ளைகளுக்கு ஏப்ரன் மாட்டிவிட்டார். கையை இரண்டு தடவை கழுவ வைத்தார். பெரிய மிஸ் மனம் குளிர்ந்து ஆளுக்கு மூன்று ஸ்டார் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு சட்டைகள் வந்தன.

ஸ்லைம் மிஸ்ஸுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்தியிருந்தார். சிவப்பு, நீலம், ஊதா மூன்றையும் இரண்டிரண்டு சொட்டில் கலந்து மேசையில் வைத்தார். தான் மாட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி எறிந்தார்.

"பிள்ளைங்களா, கையை என் டிரெஸ்ஸுல துடைங்க!"

இப்படி ஒரு உத்தரவை அவர்கள் வாழ்க்கையில் கேட்டதில்லை. பாய்ந்து வந்து துடைத்தார்கள். மௌனச்சாமி முதுகில் ஏறியே துடைத்தாள்.

பிறகு எல்லாரும் கை கழுவினார்கள். ஆயா ஈரத்துணியால் மிஸ்ஸைத் துடைத்துவிட்டாள். பெரிய மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடையையும் உள்ளங்கைகளையும் நகக்கண்களையும் வரிசையாகப் பார்த்தார். எங்கும் ஒரு பொட்டுக் கறையில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் ஸ்லைம் மிஸ், இடுப்பில் கை வைத்து.

"இப்ப இல்லைதான். வீட்டுக்குப் போனா வரும். திங்கட்கிழமை எத்தனை சட்டை வருதுன்னு பார்த்துட்டு மேசையைத் தூக்குறேன்" என்ற பெரிய மிஸ், நேரமாகிவிட்டதென்று வாசலில் போய் நின்றார். "வாங்க வாங்க, கையை நீட்டுங்க. இன்னிக்கு நாலு ஸ்டார்!"

வரிசையில் முதலில் நின்ற மௌனச்சாமி, ஈரக்கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஸ்டார் வேணாம் பெரிய மிஸ், அதுதான் சட்டையெல்லாம் ஊதாவாக்குது."