செத்த பயிருக்கு ஒரு பலகை

அன்புள்ள அண்ணாவுக்கு,

செத்த பயிருக்குப் பலகை எழுதி நட்டுவைக்கும் கல்லூரியில் பெற்ற பெண்ணைச் சேர்க்கலாமா? இருபது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களும் அண்ணியும் நலம் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாண்டு வேளாண் உற்பத்திதான் படிப்பேன் என்கிறாள். விண்ணப்பம் கொடுக்க நாளை கடைசி நாள். "கட்டடத்தைப் பாக்காத, எங்க பச்சை அதிகமோ அங்க சேரு" என்று போனில் சொன்னீர்கள். அதை முதல் கட்டமாகப் போட்டு, விடுதி, பேருந்து, ஆய்வகம் என்று இன்னும் ஆறு கட்டம் சேர்த்து, எழுபது மதிப்பெண்ணுக்கு அட்டவணை தயாரித்து, என் வீட்டுக்காரரையும் வாண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கல்லூரியில் பச்சை கண்ணைப் பறித்தது. தக்காளி வரிசை பிசகாமல் காய்த்திருந்தது. சுற்றிக்காட்டிய அலுவலர் பேசிக்கொண்டே இருக்க, நம் வாண்டு வேரைப் பார்க்கிறேன் என்று ஒரு செடியை மெல்ல இழுத்தாள். அது பிளாஸ்டிக் பையோடு கையில் வந்துவிட்டது. பக்கத்துச் செடியும் அப்படியே. "நேத்துதாங்க நட்டோம்" என்றார் அவர். "காயோடவா சார்?" என்றாள் இவள். உங்கள் மாப்பிள்ளைக்கு உடனே இருமல் வந்துவிட்டது. செடியைத் திரும்பப் புதைக்க நான்தான் கைகொடுத்தேன். ஆனாலும் பச்சைக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அட்டவணையில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டம் இல்லை.

இரண்டாவது கல்லூரிக்குப் போகும் வழியில் என் செருப்பு சேற்றில் நின்றுவிட்டது, நான் மட்டும் நடந்தேன். பாத்தியில் பாதி காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. "மிளகாய். தண்ணீர் அதிகம். கொன்றவர்கள்: இரண்டாம் ஆண்டு." முழங்கால் வரை சேறோடு நின்ற ஆசிரியையிடம், "இதை எழுதி வைக்க வெட்கமா இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"வெட்கம்தாங்க. மறைச்சா அடுத்த வருஷமும் இப்படியேதான் சாகும்."

வாண்டு எல்லாப் பலகையையும் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. பச்சைக்கு இரண்டு. மொத்தம், முதலாவது ஐம்பத்தெட்டு, இரண்டாவது முப்பத்தொன்று. "உன் கணக்கு சரிதான்மா, பயிரை மட்டும் விட்டுட்ட" என்றாள். முதல் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ஆசி வாண்டுக்குப் போதும். எனக்கு அட்டவணை இருக்கிறது.

தங்கை

பி.கு. (மறுநாள்): விண்ணப்பம் கொடுக்க இன்று போனபோது, முதல் கல்லூரி வாசலில் ஒரு வண்டியிலிருந்து தக்காளிச் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பையோடு. "இன்னிக்குப் பெத்தவங்க நிறைய வராங்க" என்றார் அதே அலுவலர். விண்ணப்பத்தைக் கிழித்தேன். வந்த ஆட்டோவிலேயே இரண்டாவது கல்லூரிக்குப் போனோம். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள், போட்டி ஒன்றும் இல்லை. சேருகிறவர் வீட்டிலிருந்து ஒருவர் ஒரு வரிசை நட வேண்டுமாம். கத்தரி நட்டேன். வாண்டு குனிந்து பார்த்துவிட்டுத் தன் முதல் பலகையை எழுதினாள்: "கத்தரி. நட்டவர்: முதலாண்டு மாணவியின் அம்மா. ஆழம் அதிகம். பிழைப்பது சந்தேகம்." சந்தேகப்படுவது இந்த வீட்டில் என் வேலை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். கொஞ்சமாக.