பன்னிரண்டாவது விடைத்தாள்

ஆரோக்கியநாதன் சிவப்பு மைப் பேனாவைத் திறந்து வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். சிலுவை போட்டுக்கொண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தார். உள்ளே இருந்தவை போன வருஷத்துக் கட்டுரை நோட்டுகள். எல்லாம் திருத்தி முடித்தவை, அதுவும் அவரே திருத்தியவை.

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, சத்தத்தையே காணோம்? பிள்ளைங்க அவ்வளவு மோசமாவா எழுதியிருக்குங்க?” என்று அடுப்படியிலிருந்து மனைவி சவுந்தரம் கேட்டாள்.

“எப்படி எழுதியிருக்குன்னு நூர் முகம்மது நானாவைத்தான் கேக்கணும்.”

“அவரு சோறு விக்கிறவராச்சே!”

“அதான்! எந்தத் தாளுல மடிச்சு விக்கிறாரோ!”

விஷயம் இதுதான். ஆரோக்கியநாதன் கடல் கடந்து வந்து, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு வணிகக் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக ஆங்கில ஆசிரியர். திருத்திப் பழசாகிப்போன நோட்டுகளை எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டி, துறைமுகத்தருகே மரத்தடியில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு விற்கும், அண்ணன் முறையில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் நூர் முகம்மதுவிடம் கொடுத்துவிடுவார். பொட்டலம் மடிக்க அவருக்குத் தாள் ஆயிற்று. வாத்தியாருக்கு ஒரு கரண்டி மீன் குழம்பு கூடுதல் ஆயிற்று. இருவருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் மேசைமேல் இரண்டு கட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் பழைய பத்திரிகைதான் உறை, இரண்டிலும் சணல் கயிறு. சாமான் வாங்கப் பாசாருக்குப் புறப்பட்ட அவசரத்தில் அவர் எதை எடுத்துப் போனார் என்பதை இனிச் சொல்லவேண்டியதில்லை.

போனது கடைசி வருஷ மாணவர்களின் ஆங்கில வாசிப்பு, எழுத்துப் பரீட்சை விடைத்தாள்கள். வகுப்பில் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை பரீட்சையை மேற்பார்வையிட்டவர் கணக்கு வாத்தியார் தங்கராஜு. “எண்ணிப் பாத்துக்குங்க சார்” என்று அவர் கட்டை நீட்டினார். “நீங்க கொடுத்து நான் எண்ணுறதாவது!” என்று ஆரோக்கியநாதன் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மதிப்பெண்களோடு பிரின்சிபால் பெல்லமி துரையின் மேசைக்குத் தாள்கள் போயாக வேண்டும். அது ரப்பர் விலை அடியோடு விழுந்த வருஷம். வேலை போனவர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்களுக்குச் சீட்டுக் கிழிந்திருந்தது. அடுத்த சிறு தப்புக்கு மூன்றாவது சீட்டு என்று துரை சொல்லியும் வைத்திருந்தார். விடைத்தாளைக் குழம்புக்குக் கொடுத்தது சிறு தப்பா, பெரிய தப்பா என்று யோசித்துக்கொண்டே ஆரோக்கியநாதன் ஓடினார்.

“வாங்க வாத்தியாரே! இந்தத் தடவ தாளு நல்லா மொடமொடன்னு இருக்குலா” என்று நூர் முகம்மது வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“நானா, அது பரீட்சைத் தாளு!”

“எல்லாம் உங்க பரீட்சைத் தாளுதானே எப்பவும்?”

“இது திருத்தாதது!”

நூர் முகம்மதுவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. கூடையில் ஐந்து தாள்கள் பிழைத்திருந்தன. அவற்றைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “மிச்சம்?” என்றார் ஆரோக்கியநாதன்.

“நீங்க போன பிறகு ஏழு பொட்டலம் போயிருக்கும்லா. முதப் பொட்டலம், கட்டுக்கு மேலாப்பில இருந்த தாளுல மடிச்சது, ஃபெர்ரிக்கு ஓடின ஒரு ஆளு. பொறவு கிட்டங்கியில மூட்டை தூக்குற பயலுவ நாலு பேரு, ஒரு ரிக்‌ஷாக்காரன், அப்புறம் கப்பல் ஆபீஸ் வில்லியம் தம்பி.”

கிட்டங்கிப் படியில் நால்வரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நல்லவேளை, சோறு வாழையிலையில் இருந்தது; தாள் அதற்கு வெளியே. ஆரோக்கியநாதன் எதிரில் போய்க் கைகட்டி நின்றார்.

“என்னா சார், பசியா? உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடலாம்” என்றான் ஒருவன்.

“வேணாம் தம்பி. நீங்க மெதுவாச் சாப்பிடுங்க. தாளுல மட்டும் கை துடைக்காதீங்க.”

அப்படிச் சொல்லும்வரை யாருக்கும் துடைக்கத் தோன்றவில்லை. சொன்ன பிறகு இரண்டு பேர் துடைத்தார்கள்.

ரிக்‌ஷாக்காரரான சீனப் பெரியவர் தாளைச் சதுரமாக மடித்து, ஆடும் இருக்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அதை வாங்குவதற்காக ஆரோக்கியநாதன் அந்த ரிக்‌ஷாவிலேயே ஏறிக் கப்பல் ஆபீசுக்குப் போகவேண்டியதாயிற்று. அங்கே பழைய மாணவன் வில்லியம் எழுந்து நின்று வணங்கினான்.

“சார், இந்தத் தாளைப் பாத்து அசந்துட்டேன். பதினாலு தப்பு இருக்கு, நீங்க ஒண்ணைக்கூடச் சுழிக்கலை. கண்ணுக்கு எதுவும் சுகமில்லையோன்னு நானே பென்சில்ல திருத்தி வெச்சேன்.”

பதினாலும் சரியாகத்தான் திருத்தியிருந்தான். தன் மாணவன் என்று பெருமைப்படுவதா, உட்கார்ந்து அழுவதா என்று தெரியாமல் ஆரோக்கியநாதன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தாளைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

மீதி இருந்தது ஃபெர்ரிக்குப் போன பொட்டலம். அடுத்த ஃபெர்ரியில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், ரயிலுக்குக் காத்திருந்தவர்களை எல்லாம் “நாசி கண்டார் சாப்பிட்டீங்களா?” என்று விசாரித்து, எட்டாவது ஆளாக அந்த மனிதனைப் பிடித்தார்.

“சாப்பிட்டேன். ஏன், நானா குழம்புல எதாச்சும் விழுந்துருச்சா?”

“இல்லண்ணே, பொட்டலம் மடிச்ச தாளு?”

“தாளா? அது வர்ற வழியிலேயே கடல்ல போச்சு.”

ஆரோக்கியநாதன் திரும்பும் ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருஷ உத்தியோகம் அதற்குள்தான் எங்கோ மிதந்துகொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தாள்களுக்கு வைத்தியம் தொடங்கியது. சவுந்தரம் எண்ணெய் உறிஞ்ச அரிசி மாவைத் தூவினாள். எண்ணெய் போயிற்று, மீன் வாடை போகவில்லை. பன்னீர் தெளித்தாள். இப்போது மீனும் மணந்தது, பன்னீரும் மணந்தது. பதினொரு தாளையும் துணிக்கொடியில் காயப்போட்டபோதுதான் பெயர்களைச் சரிபார்த்தார்கள். இல்லாதது பிச்சைமுத்துவின் தாள்.

“ஐயோ, அந்தப் பிள்ளையா!” என்றாள் சவுந்தரம்.

பிச்சைமுத்து நல்ல பையன். சொன்ன வேலையைச் செய்வான், பொய் சொல்லத் தெரியாது. ஆங்கிலம்தான் வராது. மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து பிழையில்லாத ஒரு வாக்கியம் வந்து ஆரோக்கியநாதன் கேட்டதில்லை. அதற்காக அவர் புனித அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றிப் பார்த்துவிட்டார்.

“துரைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்.”

“சொல்லிட்டு? மூட்டையைக் கட்டுறதா? நம்ம பிழைப்பு போறதோட அந்தப் பிள்ளையும் ஃபெயிலு. அவன் தாளை நானே எழுதிடுறேன்.”

சொல்வது சுலபம். பிச்சைமுத்துவின் சரிந்த கையெழுத்து அவருக்கு அத்துப்படி. படித்துப் புரிந்து விடையெழுதும் பகுதியில் ஐந்துக்கு மூன்றைத் தப்பாக எழுதியும் முடித்தார். கட்டுரையில்தான் மாட்டிக்கொண்டார். ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்பது தலைப்பு. கஷ்டப்பட்டு ஒரு பிழை விடுவார். கை தானாகப் போய் அதைத் திருத்திவிடும். நான்கு தாள் கிழிந்தது.

“ஆயுசு பூரா அடுத்தவன் தப்பையே பாத்தீங்க. சொந்தமா ஒரு தப்புப் பண்ண வரலையே உங்களுக்கு” என்றாள் சவுந்தரம். பிறகு இரக்கப்பட்டு, “நீங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு இங்கிலீசு பேசுவீங்களே, அதை எழுதுங்க” என்றாள்.

ஆரோக்கியநாதன் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். பத்தொன்பது வயதில் கப்பலிலிருந்து இறங்கியதையும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் துறைமுகத்தில் சுற்றியதையும், மூட்டை தூக்கும் யாரோ ஓர் ஆள் தன் தகரக் குவளையை நீட்டியதையும் எழுதினார். பிழைகள் தாமாகவே வரிசையாக வந்து உட்கார்ந்தன. முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாட்சண்யம் பார்க்காமல் திருத்தி, நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டார். நாற்பது எடுத்தால் தேர்ச்சி.

திங்கட்கிழமை காலை பெல்லமி துரை கட்டைப் பிரித்து மூக்கைச் சுளித்தார்.

“மிஸ்டர் ஆரோக்கியநாதன், இந்தத் தாள்களில் ஏன் கல்யாண வீட்டு வாசனை அடிக்கிறது?”

“என் மனைவி பன்னீர்ப் பிரியை, ஐயா.”

துரை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது தாளில் நின்றார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“இதற்கு நாற்பத்தொன்றா? உமக்கு இதயம் இருக்கிறதா?”

“பிழை நிறைய இருக்கிறதே, ஐயா!”

“பிழையை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். இந்தக் குவளைத் தண்ணீரை என்னால் குடிக்க முடிகிறது! மற்றப் பதினொரு பேரும் மனப்பாடத்தை ஒப்பித்திருக்கிறார்கள்.” துரை நாற்பத்தொன்றை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினார். “துறைமுக அலுவலகத்தில் கடிதம் எழுத ஓர் ஆள் கேட்டிருக்கிறார்கள். இவனைத்தான் அனுப்பப்போகிறேன். இது முழுக்க உம்முடைய உழைப்பு.”

அது முழுக்கத் தன்னுடைய உழைப்புதான் என்பதை மறுக்க ஆரோக்கியநாதனுக்கு வழியில்லை.

“அவன் மிகவும் கூச்ச சுபாவம், ஐயா. நேரில் பார்த்தால் பேச்சு வராது.”

“என்னிடம் வரும். பக்கிரிசாமி!”

“நான் போய்க் கூட்டிவருகிறேனே, ஐயா!”

“நீர் உட்காரும். நேற்றெல்லாம் திருத்திக் களைத்திருப்பீர்.”

பியூன் பக்கிரிசாமி போனான். ஆரோக்கியநாதன் மாதாவைக் கூப்பிட்டார், அன்னம்மாளைக் கூப்பிட்டார், கடைசியில் நினைவுக்கு வந்த எல்லாரையும் கூப்பிட்டார்.

பிச்சைமுத்து வந்து நின்றான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றி ஒரு துண்டு.

துரை எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வெள்ளிக்கிழமை பரீட்சையில் நீ எழுதியதை இப்போதுதான் படித்தேன், மகனே. அந்தத் தகரக் குவளையைப் பற்றி உன் வாயால் நான் கேட்க வேண்டும். பயப்படாதே. ஆங்கிலத்திலேயே சொல்.”

பிச்சைமுத்து துரையைப் பார்த்தான். தன் வாத்தியாரைப் பார்த்தான். துரைக்குப் பின்னாலிருந்து அவர் கண்ணாலும் கையாலும் புருவத்தாலும் ‘ஆமாம் என்று சொல், ஆமாம் என்று மட்டும் சொல்’ என்று மன்றாடிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக ஒரு நல்ல வாக்கியத்துக்காகத் தன்னோடு போராடிய மனிதர் இப்போதும் தைரியம் ஊட்டுகிறார் என்றுதான் பிள்ளைக்குப் பட்டது. அவரை இந்த ஒரு தடவையாவது தலைகுனிய விடக்கூடாது என்று அவன் நிமிர்ந்து நின்றான். வலிக்கும் வாயைத் திறந்து, நிறுத்தி நிதானமாக, ஒரே ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலத்தில் சொன்னான்:

“மன்னிக்க வேண்டும், ஐயா. வெள்ளிக்கிழமை எனக்குப் பல் பிடுங்கினார்கள். நான் பரீட்சைக்கே வரவில்லை.”