அம்மாவின் கல்லில் ஒரு கட்டம்

வடசேரி,
14.9.2011

கர்த்தருக்குள் பிரியமான தங்கை தங்கபாய்க்குச் சின்ன அண்ணன் ஜெபமணி எழுதுவது. குவைத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே நானும் உன் மைனியும் மகள் ஜாஸ்பினும் சுகம். போன விடுமுறையில் நீ கொண்டுவந்து தந்த லேப்டாப் எங்கள் மூன்று பேரையும்விட சுகமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ பாதியிலேயே அழுதுவிட்டு மீதியைக் கேட்கமாட்டாய். ஆகவே முழுதும் படித்துவிட்டு அழு.

போன வருஷம் அம்மா இறந்த அன்று பெரிய அண்ணன் ரசலையன் அடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என் பெயர் இல்லாமல் போனது உனக்குத் தெரியும். கடல் தாண்டி இருந்த உன் பெயர் இருந்தது, அண்ணனின் சம்பந்தி பெயர்கூட இருந்தது, கடைசி ஆறு வருஷம் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்த என் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "பிரஸ்காரன் விட்டுட்டாம்லே" என்றார். அன்றைக்கு நின்ற பேச்சு. அதனால்தான் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அம்மாவின் கல்லறையில் பதிக்கும் கிரானைட் கல்லுக்கு எழுத்து அமைக்கும் வேலையை எந்தப் பிரஸ்காரனிடமும் கொடுக்காமல் நானே கம்ப்யூட்டரில் செய்வது என்று இறங்கினேன்.

ஜாஸ்பின் வெக்டர் படம் வரையும் சாப்ட்வேர் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றித் தந்தாள். சாதாரணப் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடுமாம்; அண்ணனின் போஸ்டரில் அம்மாவின் முகம் தாயக்கட்டம் மாதிரி இருந்தது அதனால்தான். வெக்டர் படம் அப்படியில்லை, அது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் மட்டும் கணக்காக வைத்துக்கொள்வதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் பெயருக்கு மேலே ஒரு புறா வரையலாம் என்று பேனா படம் போட்ட கருவியை எடுத்து மவுஸை அழுத்தி இழுத்தேன். கோடு நான் போன பக்கம் வராமல் தன் இஷ்டத்துக்கு வளைந்தது. "அப்பா, அழுத்திப்பிடிச்சு வரையப்பிடாது. புள்ளி வைக்கணும், வளைவு வேணுங்கிற எடத்துல மட்டும் இழுக்கணும்" என்றாள். பிழை வந்துவிடக்கூடாதே என்று நெருக்க நெருக்க நூற்றுப் பதினேழு புள்ளி வைத்தேன். புறாவுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. புள்ளி குறைந்தால்தான் வளைவு வழுவழுப்பாக வரும் என்று அதற்குப் பிறகு சொல்கிறாள். ஒன்பது நாள் உட்கார்ந்து, இடுப்புக்குக் களிம்பு தடவி, பதினோரு புள்ளியில் ஒரு புறாவைக் கொண்டுவந்தேன். உன் மைனி பார்த்துவிட்டு, "வாத்து நல்லாருக்கு" என்றாள். அவளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும்.

புறாவுக்குக் கீழே சத்தியபாய் என்று அம்மாவின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அதற்கும் கீழே 'அன்பு மக்கள்' என்று ரசலையன், ஜெபமணி, தங்கபாய் மூன்று பெயரையும் அடித்தேன். "ரெண்டு அண்ணன்மாருக்க பேரும் ஒரு கல்லுல இல்லேன்னா, ஊருக்கு வந்தாலும் ஒருத்தன் வீட்டுக்கும் நான் வரமாட்டேன்" என்று நீ போனில் சொன்னதற்காக மட்டுமே அவர் பெயரை அடித்தேன். எழுத்து வெட்டும் கடையில் நம் தமிழ் எழுத்துரு இருக்காது என்பதால் எல்லா எழுத்தையும் கோடாக மாற்றிக் கொடுக்கவேண்டுமாம். மாற்றிவிட்டால் அது எழுத்தல்ல, படம். பிறகு அடித்துத் திருத்த முடியாது. மாற்றினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் என்னைக் கண்டதும் முகத்துக்கு நேரே குடையை விரித்துக்கொண்டு போனார். மழை இல்லை, வெயிலும் இல்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து அவர் பெயரை மட்டும் நீக்கப் பார்த்தால், தொட்ட இடத்தில் மொத்த எழுத்தும் சேர்ந்து வருகிறது. பிரிக்கும் கட்டளை கொடுத்தால் அம்மாவின் பெயரில் ச, த இரண்டும் உள்ளே ஓட்டை அடைபட்டுக் கரிக்கட்டை ஆகிவிட்டன. அவசரமாகப் பழையபடி ஆக்கினேன். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு என்ன தோன்றும்? ஒயிட்னர்தான். அண்ணன் பெயர்மேல் ஒரு வெள்ளைப் பெட்டி வரைந்தேன். ஓரத்தில் எழுத்தின் வால் தெரிந்தது. அதன்மேல் சற்றே பெரிதாக இன்னொரு வெள்ளைப் பெட்டி, இரண்டாவது பூச்சு. அண்ணன் காணாமல் போனார்.

கோட்டாறில் ஸ்டிக்கர் வெட்டும் ஆன்ட்ரூஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். அங்கே ஒரு மிஷின் எழுத்தின் ஓரத்தை ஸ்டிக்கரில் வெட்டும்; எழுத்தை மட்டும் உரித்துவிட்டு மீதி ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி மணலை வேகமாக அடித்தால் திறந்த இடம் மட்டும் குழிந்து எழுத்தாகும். அந்த மிஷினுக்கு வெள்ளை கறுப்பு எதுவும் தெரியாது, கோடுதான் தெரியும், எது எதற்கு அடியில் கிடந்தாலும் வெட்டித் தள்ளும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பத்தாம் தேதி காலை கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்துக் கல்லை மூடியிருந்த சாக்கை விலக்குகிறார். முதல் பெயர் ரசலையன். அதுமட்டுமா, இரண்டு பெட்டிக்கும் இடையில் இருந்த சந்து குழிந்து, பொன் பெயின்ட் ஏறி, அவர் பெயருக்கு மட்டும் சுற்றிலும் அழகாக ஒரு கட்டம்! உன் பெயருக்கும் என் பெயருக்கும் ஒன்றுமில்லை.

தள்ளி நின்ற அண்ணன் கிட்டே வந்தார். கட்டத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். "ஏலே ஜெபமணி, எனக்க பேருக்கு மட்டும் என்னத்துக்குலே கட்டம்?" என்றார். போதகரும் சொந்தபந்தமும் நிற்கிறார்கள். "மூத்த மவன்லா" என்றேன். அம்மாவின் கல்லறையில் நின்று பொய் சொன்னேன், கர்த்தர் மன்னிக்கட்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "போஸ்டர்ல உனக்க பேர எடுக்கச் சொன்னது நாந்தாம்லே. அம்மைய ஆஸ்பத்திரில சேத்தப்போ நீ எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல. பாக்கதுக்குள்ள போயிட்டா" என்றார். நான் சொல்லவில்லை என்பது உண்மைதான், தங்கபாய். பயத்தில் மறந்துவிட்டேன், பிறகு அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மேல என்னலே, கோழியா?"

இப்போது தினமும் சாயங்காலம் சாயா குடிக்க வருகிறார். ஆனாலும் நான் வைத்த வெள்ளைப் பெட்டியை மதிக்காமல் ஒரு மிஷின் என்னை ஊர்முன் தலைகுனிய வைத்ததை மறக்கமாட்டேன். லேப்டாப்பைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. இரண்டு பேரும் ஒரு கல்லில் இருப்பதால் இரண்டு வீட்டுக்கும் வரலாம். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்துத் தருவாராக.

அன்புடன்,
ஜெ. (சின்ன அண்ணன்)

பின்குறிப்பு: மேலே ஒன்று விட்டுப்போயிற்று. ஆன்ட்ரூஸ் வெட்டுவதற்கு முன்பே, "சார், வெள்ளப் பெட்டிக்கடியில ஒரு பேரு கெடக்கு. மிஷினு அதயும் வெட்டும். எடுத்துரட்டா? ரெண்டு நிமிஷ வேல" என்று கேட்டான். அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "கெடக்கட்டும், வெட்டு" என்றேன். "அப்பம் பெட்டிய எடுக்கட்டா? இல்லேன்னா சுத்தி கட்டம் விழும்." "அதும் கெடக்கட்டும்" என்றேன். அண்ணனிடம் சொல்லாதே. லேப்டாப்பும் இங்கேயே இருக்கட்டும், புறாவைத் திருத்தவேண்டும். கல்லறையில் பொய் சொன்னேன் என்று மேலே எழுதிய வரியை நீயே அடித்துவிடு. வீட்டில் ஒயிட்னர் தீர்ந்துவிட்டது.