ஏழாம் விதியும் டெக்சாஸ் வண்டியும்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்களைப் போற்றுகிற மனித குலம், தூரத்துக் கடையைக் கண்டுபிடித்தவனுக்கு இதுவரை ஒரு சிலைகூட வைக்கவில்லை. அநியாயம். பக்கத்துத் தெருவில் கிடைக்கிற பொருளை எண்ணூறு மைல் போய் வாங்கிவருவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது சாமானியர்களுக்குப் புரியாது. நெப்ராஸ்காவின் ஆல்டன் கிரீக் என்னும் சிற்றூரில் அந்த மனசு ஒருவருக்கு வாய்த்திருந்தது. அவர் பெயர் மெர்வின் ஸ்ட்ராட்.

மெர்வினுக்கு அறுபத்தாறு வயது. ஊரின் நடுத்தெருவில் முப்பத்திரண்டு வருடமாக இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ‘இங்கே செலவாகும் ஒவ்வொரு டாலரும் நம் ஊரிலேயே தங்கும்’ என்று வாசலில் பலகை தொங்கும். ஊரில் யாராவது ஒரு துளைபோடும் இயந்திரத்தை இணையத்தில் வரவழைத்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர்களுக்குக் கை கொடுக்க மாட்டார். இந்தப் பாவத்தை வேரோடு ஒழிப்பதற்காக ‘உள்ளூர் வணிகக் காப்புக் குழு’ ஒன்றை அவரே நிறுவினார். அவரே தலைவரானார். பதினொரு விதிகளையும் அவரே எழுதினார்.

அந்தப் பதினொன்றில் மணிமகுடம் ஏழாம் விதி. வெளியூரில் வாங்கிய பொருள் பழுதாகி உள்ளூருக்கு வந்தால், உள்ளூரில் வாங்கியவர்களின் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். அவசரம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவர் பெயரும் வாங்கிய இடமும் மாதக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். சென்ற வருடம் மழலைப் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஒமாஹாவில் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்துக்காக விலக்குக் கேட்டாள். மெர்வின் அவள் பெயரை இரண்டு முறை படித்தார். முதல் முறை கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவருக்குப் பட்டது. அந்தப் பெண் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கையில், மே மாதத்தில் ஆர்லிஸுக்குக் கண் போக ஆரம்பித்தது.

ஆர்லிஸ் மெர்வினுடைய மனைவி லோர்னாவின் அக்கா. நான்கு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளைச் சோளக் கொல்லைகளுக்கு நடுவே கொண்டுபோய்விட்டு, கொண்டுவந்துவிட்டு, தான் மட்டும் அந்தக் கொல்லைகளைத் தாண்டிப் போகாதவள். கண் மருத்துவர் ஒளித்துப் பேசவில்லை. அக்டோபருக்குள் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டார். ஆர்லிஸ் ஒரே ஒரு ஆசை சொன்னாள். கடலைப் பார்க்க வேண்டும். ஓரிகான் கரை ஆயிரத்தைந்நூறு மைல். அவளுடைய முதுகெலும்போ ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார விடாது. விமானமும் முடியாது, காரும் முடியாது. படுத்துக்கொண்டே போக ஒரு வீட்டு வண்டி வேண்டும்: படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே உள்ள வண்டி.

மெர்வின் உடனே சம்மதித்தார். ஓய்வுக் காலத்தில் தனக்கே ஒன்று வாங்கும் எண்ணம் வெகுநாளாக இருந்தது. மைத்துனியின் கண் அதற்கு ஒரு நல்ல சாக்கு.

ஆல்டன் கிரீக்கில் வீட்டு வண்டி விற்பவர் ஒருவர்தான், டுவேன் ஹாஃப்மன். மெர்வினின் கடைக்குப் பின்தெருவில் அவர் விற்பனை நிலையமும் பட்டறையும். குழுவுக்கு அவர் பொருளாளர். இருபது வருடமாக ஒவ்வொரு திருகாணியையும் மெர்வினிடமே வாங்கியவர். டுவேன் ஒரு விலை சொன்னார். மெர்வின் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, டெக்சாஸில் உள்ள பெரிய விற்பனை நிலையம் ஒன்றைத் தொலைபேசியில் கூப்பிட்டார். டிரெவர் என்ற விற்பனையாளன் அதே வண்டிக்கு நாலாயிரத்து இருநூறு டாலர் குறைத்துச் சொன்னான். மெர்வின் ஸ்ட்ராட் என்ற பெயரையே அவன் தேன் தடவிச் சொன்னான்.

“டுவேன்கிட்டயே வாங்கிடலாம், மெர்வின்,” என்றாள் லோர்னா. “ஏதாவது கோளாறுன்னா நடந்தே போய்க் கூப்பிட்டுக்கலாம்.”

“கோளாறு வரும்னு நினைச்சுக்கிட்டு யாராவது வண்டி வாங்குவாங்களா?”

“ஊரெல்லாம் கூடிக் கூடி நீதானே சொல்றே, உள்ளூர்ல வாங்குங்கன்னு?”

“அது கொள்கை. இது விலை,” என்றார் மெர்வின்.

லோர்னா மேற்கொண்டு வாதாடவில்லை. சேமித்த பணத்தில் கடற்கரையில் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கலாம் என்று மெர்வின் சொன்னதும் அவளும் ஒத்துக்கொண்டாள்.

டெக்சாஸ் யாத்திரை வெகு சிறப்பாக நடந்தது. வண்டியைக் கையில் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குவது அந்தத் தொழிலின் வழக்கம். அன்றைக்கு மழை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஹோட்டலில் இன்னொரு நாள் வாடகை ஏறும். மெர்வின் இருபதே நிமிடத்தில் பார்த்து முடித்து, ‘அனைத்தும் சோதித்துத் திருப்தி அடைந்தேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹோட்டல் வாடகையும் மிச்சம். திரும்பும் வழியில்தான் ஒன்றைக் கவனித்தார். வண்டியின் பின்னால் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தின் உறையில் அந்த டெக்சாஸ் கடையின் பெயர் முழ நீள எழுத்தில் இருந்தது. உறையைக் கழற்றினால் சக்கரம் வெயிலில் வீணாகும். அவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, அதன்மேல் தன் குழுவின் துணிப் பதாகையைக் கட்டினார். ‘உள்ளூரில் வாங்குவோம்!’ என்ற பதாகையைத் தாங்கிக்கொண்டு டெக்சாஸ் வண்டி ஆல்டன் கிரீக்குக்குள் நுழைந்தது.

ஜூன் மாத முதல் சனிக்கிழமை காலை புறப்பாடு. ஆர்லிஸ் பெட்டியோடு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் வழிக்கென்று பழ ரொட்டியும் உருளைக்கிழங்குக் கலவையும் கொண்டுவந்தார்கள். அத்தனை பேர் கூடியதும் மெர்வினுக்குள் இருந்த தலைவர் விழித்துக்கொண்டார். வண்டியின் பெருமைகளில் தலையாயது அதன் பக்க அறை. பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கச் சுவர் மூன்றடி வெளியே நீண்டு கூடம் அகலமாகும். மறுபடி அழுத்தினால் உள்ளே போகும். மெர்வின் அழுத்தினார். சுவர் நீண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுபடி அழுத்தினார். உள்ளே எதுவோ டொக்கென்று ஒடிந்தது. சுவர் அசையவில்லை.

வெளியே நீட்டிய அறையோடு எந்தச் சாலையிலும் வண்டி ஓட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். ஆர்லிஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எழுந்து பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

டிரெவர் அதே தேன் குரலில் வருத்தம் தெரிவித்தான். வண்டியை டெக்சாஸுக்குக் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னான். ஓட முடியாத வண்டியை எப்படிக் கொண்டுவருவது என்று மெர்வின் கேட்டதற்கு, அது நல்ல கேள்விதான் என்று பாராட்டினான். தயாரிப்பாளரின் உத்தரவாதப்படி பழுது பார்க்க உரிமை உள்ள வேறு பட்டறை பக்கத்தில் உண்டா என்று தேடியும் சொன்னான். உண்டு. ஆல்டன் கிரீக்கில், டுவேன் ஹாஃப்மன்.

மெர்வின் பின்தெருவுக்கு நடந்தே போனார். டுவேன் கோபப்படவில்லை. அந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே கோபப்படுவதில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

“உங்களுக்கு முன்னால நாப்பத்தோரு பேர் இருக்காங்க, தலைவரே. எல்லாம் என்கிட்ட வாங்கினவங்க. ஏழாம் விதி என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு நான் படிச்சுக் காட்டணுமா?”

“அவசரம், டுவேன். ஆர்லிஸுக்குக் கண்ணு…”

“தெரியும். அதுக்குத்தான் விலக்குன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே. இந்தாங்க தாள். தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களோடதுதான். அடுத்த கூட்டத்துல பேரும் ஊரும் படிக்கணும், அவ்வளவுதான்.”

மெர்வின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யோசிக்க அவகாசம் கேட்டார்.

அவர் யோசித்த அழகை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். தன் வண்டிக்கு, தன் கையெழுத்தால், தான் எழுதிய விதியிலிருந்து, தனக்கே விலக்கு அளிப்பதா? நேர்மையாளர் செய்கிற காரியமா அது? மேலும் அந்தக் கூட்டத்தில் ‘மெர்வின் ஸ்ட்ராட், டெக்சாஸ்’ என்று அவர் வாயாலேயே படிக்க வேண்டும். ஊருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். பதாகை காற்றில் விலகும்போதெல்லாம் டெக்சாஸ் பல்லைக் காட்டியது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ‘அருமையான வண்டி, மெர்வின்’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். ஊருக்கே தெரிந்தாலும் கூட்டத்தில் படிக்காத வரைக்கும் அது ‘அதிகாரபூர்வமாக’ யாருக்கும் தெரியாது. மெர்வின் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

லோர்னாவிடம் டுவேனின் பட்டறையில் கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை.

ஜூலைக் கூட்டத்தில் விலக்குக் கோரிக்கை ஏதும் வரவில்லை என்று தலைவர் அறிவித்தார். ஊர் மக்களின் ஒழுக்கம் உயர்ந்துவருவதற்கு இது சான்று என்று இருபது நிமிடம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். டுவேனும் தட்டினார்.

ஆர்லிஸ் வாரா வாரம் வந்தாள். வண்டியின் நீட்டிய அறையில் கால் நீட்டிப் படுத்து, லோர்னா தருகிற காபியைக் குடிப்பாள். வரும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, பின்சக்கரத்தின் மேல் கட்டிய பதாகையைப் படிப்பாள். அது அவள் தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை. ஜூனில், ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தாள். ஜூலைக் கடைசியில் பெரிய எழுத்துகள் மட்டும் தெரிந்தன. ஆகஸ்டில் ஒரு நாள், அந்தத் துணி பச்சையா நீலமா என்று லோர்னாவைக் கேட்டாள். அது சிவப்பு. லோர்னா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒரு வேனில் மெத்தை போட்டு, வழியில் அங்கங்கே ஹோட்டலில் தங்கிப் போய்விடலாம். மெர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“படுக்கை, அடுப்பு, கழிப்பறையோட ஒரு முழு வீட்டை வாங்கி வாசல்ல நிறுத்திட்டு, ஹோட்டல்காரனுக்குப் பணம் கொடுக்கச் சொல்றியா?”

செப்டம்பர் கடைசியில் நாற்பத்தோரு பேரின் முறையும் முடிந்தது. டுவேன் கருவிப் பெட்டியோடு வந்தார். பக்க அறையை உள்ளிழுக்கும் பொறியில் ஒரு முளை ஒடிந்திருந்தது, சுண்டுவிரல் அளவு இரும்பு முளை. நாற்பது நிமிடத்தில் மாற்றி முடித்தார். மெர்வின் அப்போது கடையில் இருந்தார். லோர்னா டுவேனுக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு சின்ன வேலையா என்று கேட்டாள்.

“சின்ன வேலைதான், லோர்னா. ஜூன்லயே முடிஞ்சிருக்கும். மெர்வின் அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா.”

“எந்தத் தாள்?”

டுவேன் சொன்னார். கையெழுத்து இல்லாமலே செய்து கொடுத்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியது. நாலாயிரத்து இருநூறு டாலர் கோபத்தில் அவரும் விதியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். லோர்னா கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கத்தவில்லை. நேரே நான்கு தெரு நடந்து அக்கா வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னாள்.

எப்போது புறப்படலாம் என்று மட்டும் ஆர்லிஸ் கேட்டாள்.

வண்டி ஓடியது. நான்கு நாள். வயோமிங், ஐடஹோ என்று வழியெல்லாம் மெர்வினே பேசிக்கொண்டு வந்தார். மலைகளைப் பற்றி, பெட்ரோல் விலையைப் பற்றி, விதிக்குப் பணிந்து நான்கு மாதம் வரிசையில் நின்ற தலைவர் இந்த நாட்டில் வேறு யார் என்பதைப் பற்றி. பெண்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. அவர் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஓரிகான் கரையில் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. அலைகள் பாறையில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பின. லோர்னா அக்காவின் கையைப் பிடித்து வேலி ஓரம் வரை கூட்டிப்போனாள். ஆர்லிஸ் முகத்தை உயர்த்தி, கொஞ்சம் இடது பக்கம் திரும்பி நின்றாள். கடல் வலது பக்கம் இருந்தது. லோர்னா அவள் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் ஆர்லிஸ்.

லோர்னா பதில் சொல்வதற்குள் அந்தப் பொறுப்பையும் தலைவரே ஏற்றார்.

“பிரமாதமா இருக்கு, ஆர்லிஸ். இங்க வண்டி நிறுத்தறதுக்கு ஒரு நாளைக்கு என்ன கேக்கறான் தெரியுமா? வேற யாராவதுன்னா திரும்பிப் போயிடுவாங்க. நமக்குக் கவலையில்ல. டெக்சாஸ்ல நான் மிச்சம் பிடிச்சது அப்படியே இருக்கு.”

“நாலாயிரத்து இருநூறு டாலரும் இருக்கா?”

“ஒரு சென்ட் குறையல.”

“எடுத்து என் முகத்துக்கு நேரா பிடி, மெர்வின்,” என்றாள் ஆர்லிஸ். “அந்தப் பணமாவது கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கறேன்.”