மரியாதை தெரிஞ்ச ஆமை

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி லிந்தால்வா எது சொன்னாலும் என் பதில் 'ஆமாம்'தான். போன மாதம் முதன்முறையாக 'ஆமை' என்றேன்.

எனக்கு மூச்சு இழுப்பு. மழை பிடித்தால் நெஞ்சு அக்கார்டியன் வாசிக்கும். எங்கள் மரன்யாவ் மாநிலத்துப் பக்கத்தில் அதற்கு வைத்தியம், கட்டிலுக்கு அடியில் ஓர் ஆமை. நோயை அது வாங்கிக்கொள்ளும். லிந்தால்வாவும் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் ஆமைப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்ததுதான் வேண்டும் என்று அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள்.

"காட்டு ஆமையை ஆளுக்கொண்ணா தூக்கிட்டு வந்தா, அப்புறம் காட்டுல முட்டை போட யாருய்யா இருப்பா?"

பண்ணையிலோ காத்திருக்கச் சொன்னார்கள். பனங்காட்டில் சும்மா நடமாடுகிற ஆமைக்கு எதற்குக் காத்திருப்பது? சொந்த வீட்டில் ஒரு தடவையாவது நம் இஷ்டம் நடக்கட்டும் என்று முடிவு கட்டினேன். பெரிதாக ஒன்றைத் தூக்கி வந்து, பண்ணைக்காரர் கொடுத்தார் என்று கூசாமல் சொன்னேன்.

லிந்தால்வா அதன் முன்னால் ஒரு மாம்பழத் துண்டை வைத்தாள். நான் குனிந்ததும் ஆமை தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"பண்ணை ஆமை ஆளைக் கண்டா கிட்ட வரும்னாங்க. இது என்னய்யா, உன்னைக் கண்டு நடுங்குது?"

"மரியாதை தெரிஞ்ச ஆமை," என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வீட்டுத் தலைவனைப் போல உணர்ந்தேன்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து, இழுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சுத்தமாகப் போய்விட்டது, எல்லாவற்றையும் ஆமை வாங்கிக்கொண்டது என்று அளந்துவிட்டேன்.

"அப்ப இதைப் பொறந்த எடத்துல கொண்டுபோய் விட்டுடணும். இங்கயே செத்துச்சுன்னா, வாங்கின இழுப்பு உன்கிட்டயே திரும்பி வந்துடும். பெரியவங்க சொல்லலையா?"

எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது.

"பண்ணைக்கு நானே கொண்டுபோறேன். குடுத்தவருக்கு நன்றி சொன்ன மாதிரியும் இருக்கும்," என்றாள்.

அலறியடித்துக்கொண்டு ஆமையைப் பிடுங்கி, நானே போகிறேன் என்று கிளம்பினேன். பண்ணைப் பக்கம் திரும்புவதுபோல் திரும்பி, பனங்காட்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறினேன். எடுத்த இடத்திலேயே இறக்கி விட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் காய்ந்த மட்டைகளுக்குள் நுழைந்து போயிற்று. பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய்யும் பிடிபடவில்லையே.

வீட்டுக்கு வந்தால், கட்டிலடியில் ஒரு குட்டி ஆமை மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறது.

"பண்ணைக்காரர் இப்பதான் குடுத்துட்டுப் போனாரு," என்றாள் லிந்தால்வா. "உன்னை இதுவரைக்கும் கண்ணால பார்த்ததே இல்லையாம். பனங்காட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான்," என்றேன்.

குட்டி நேராக என்னிடம் வந்து கால் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. துளிப் பயமில்லை. இந்த வீட்டில் என்னைக் கண்டு நடுங்கிய ஒரே ஜீவனை நானே சுமந்துபோய்க் காட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.