கடலுக்கு முதுகு காட்டும் காவலர்

கடல் காவலர் என்று ஒரு ரகம் உண்டு. அவரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தேடி ஏமாந்து போகாதீர்கள். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாத உடம்பு அது. மேடைக்குப் பக்கத்தில் தேடுங்கள். நீலத் தொப்பி, மடிப்புக் கலையாத நீலச் சட்டை, எதற்காகவும் குனிந்து பழக்கமில்லாத இடுப்பு, 'வருங்காலச் சந்ததி' என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் தவறாமல் தழுதழுக்கும் குரல், இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால் அவர்தான். சந்தேகமே வேண்டாம்.

நாம் பார்க்கப்போகும் காவலருக்குத் தொழில் குளியலறைச் சாமான் வியாபாரம். வாரம் முழுக்கக் குழாய் விற்பார். ஞாயிற்றுக்கிழமை கடலைக் காப்பாற்றுவார். ஊர்க் கடற்கரைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தலைவரானதும் முதல் காரியமாக, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பிளாஸ்டிக்கிலேயே ஒரு பேனர் அடித்தார். துணியில் அடித்தால் எழுத்து பளிச்சென்று விழாதாம். தொண்டர்களின் தொப்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வரும். தொப்பி தலைக்குப் போகும், உறை காற்றோடு போகும். கடலையே காக்கப் புறப்பட்டவர்கள் போயும் போயும் ஓர் உறைக்காகக் கவலைப்படுவார்களா?

ஆனால் குப்பை விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதில் அவர் பெரிய ரசிகர். துப்புரவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே கரைக்குப் போய், வாடகைக்கு வீடு பார்க்கிறவரைப் போல முன்னும் பின்னும் நடந்து, பொறுக்க வேண்டிய குப்பையைத் தேர்ந்தெடுத்து வைப்பார். அழுகிய மீன் ஆகாது. பக்கத்தில் நின்று யாரும் சிரிக்க முடியாது. குழந்தைகளின் டயாப்பர் ஆகவே ஆகாது. சிவப்பு மூடி போட்ட பாட்டில், உடைந்த மஞ்சள் வாளி, பச்சை வலைத் துண்டு, இவையெல்லாம் படத்தில் எடுபடுகிற குப்பை. இந்தத் தடவை கரையோரப் பாறைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு திட்டு அமைந்திருந்தது. காவலர் அதைப் பார்த்துச் சொக்கிப் போனார். ஏனென்றால் வரப்போவது சாதாரண விருந்தாளி அல்ல, கடல்வளத் துறையின் பெரிய அதிகாரி. அவர் வரும்போது கையில் 'சிறந்த காவலர்' கேடயமும் வரும். அந்தக் கேடயத்துக்காக வரவேற்பறை அலமாரியில் ஒரு தட்டு பல வருஷமாகக் காலியாகக் கிடந்தது.

"அந்தக் கரையைப் பாத்துட்டு வந்தேன். சோறே இறங்கல" என்றார் அன்று இரவு, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே.

அவருடைய மகள், பள்ளிக்கூடத்துப் பெண், அதை நம்பிவிட்டாள். அந்த வீட்டில் அவர் சொல்வதை நம்புகிற ஒரே ஆள் அவள்தான். மனைவி அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் அவரைக் கையைப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கப்பா. திறக்கக் கூடாது. இப்பத் திறங்க!"

திறந்தார். கரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு பாட்டில் இல்லை, ஒரு மூடி இல்லை, அந்த அருமையான மஞ்சள் வாளிகூட இல்லை.

"யாருடி இந்த வேலையைப் பண்ணது?"

"நாங்கதான்பா. நானும் என் கிளாஸ் பசங்களும். நேத்து நீங்க கடைக்குப் போனப்புறம் வந்தோம், அம்மாவும் கூட வந்தாங்க. உங்களுக்குச் சோறே இறங்கலைன்னு சொன்னீங்கள்ல?"

அவள் விரல் நுனியெல்லாம் கீறல். கரையோரச் சுவரை ஒட்டி வரிசையாக மூட்டைகள், வாயைக் கட்டி, லாரிக்காகக் காத்திருந்தன. வேறொரு தகப்பனாக இருந்தால் அந்த இடத்திலேயே பெண்ணைத் தூக்கித் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பான். ஆனால் வேறொரு தகப்பனுக்கு அதிகாரி வருகிற நாளா அது?

"அறிவிருக்கா உனக்கு? வர்றவர் எதைப் பொறுக்குவார்? மணலையா?" என்று சீறிவிட்டு, சங்கச் செயலாளர் பக்கம் திரும்பினார். "யோவ், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மூட்டையை அவிழ்யா!"

"அவிழ்த்து... என்ன தலைவரே பண்றது?"

"பழையபடி போடு."

போட்டார்கள். தொப்பி போட்ட பெரிய மனிதர்கள், பிள்ளைகள் ஒரு மாலை முழுக்கக் குனிந்து பொறுக்கியதை நிமிர்ந்து நின்றபடியே கொட்டினார்கள். காவலர் சும்மா கொட்டவிடவில்லை. பாட்டிலை இங்கே, வாளியைக் கொஞ்சம் சாய்த்து அங்கே, வலையைத் தண்ணீர் தொடுகிற இடத்தில் என்று கோலம் போடாத குறையாக அடுக்கினார்.

"அப்பா, அலை ஏறிட்டு வருது. மேல தள்ளிப் போடுங்கப்பா" என்றாள் மகள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. ஈரமா இருந்தாத்தான் கடல்லேருந்து ஒதுங்கின மாதிரி இருக்கும். போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. நீதான் பூச்செண்டு குடுக்கணும்."

பெரிய அதிகாரி நேரத்துக்கு வந்தால் அவர் எப்படிப் பெரிய அதிகாரி? வெயில் ஏறியது, தண்ணீரும் ஏறியது. ஒருவழியாக அவர் வந்து இறங்கியதும் வரவேற்பு, வரவேற்புக்கு நன்றி, நன்றிக்கு ஒரு பதில் என்று நீண்டுகொண்டே போய், கடைசியில் காவலர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். படத்தில் கடல் பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக மேடையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஆகவே கடலைக் காக்க மேடையேறியவர்கள் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தக் கடல் நம்ம சொத்து இல்ல. நம்ம பிள்ளைங்க சொத்து. வருங்காலச் சந்ததி..." என்று ஆரம்பித்துத் தழுதழுத்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. பேச்சு உருக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தழுதழுத்தார். கூட்டமோ அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே வாளி மிதந்தது. பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியூர் புறப்பட்டன. ஒரு பெரிய அலை வந்து, மிச்சமிருந்ததையும் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது.

"அந்தச் சந்ததியோட சார்பா, என் மகள் இப்ப அய்யாவுக்குப் பூச்செண்டு குடுப்பா!"

நாற்காலியில் பூச்செண்டு மட்டும் இருந்தது.

வருங்காலச் சந்ததி இடுப்பளவு தண்ணீரில் நின்று பாட்டில்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்த அதே நேரத்தில் அடுத்த அலை அவளைப் புரட்டிப் போட்டது. தலை தெரியவில்லை.

"என்னங்க! நம்ம பொண்ணு!" என்று மனைவி அலறினாள்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், காவலர் ஓடினார். தொப்பி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல், காலணியோடு தண்ணீரில் விழுந்து ஓடினார். அவளைத் தூக்கினார். அவள் இருமி, தண்ணீரைக் கக்கி, மூச்சு விட்டாள். அவர் அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. நீங்கள் பார்த்திருந்தால் அவரை மன்னித்தே இருப்பீர்கள். நல்லவேளை, பார்க்கவில்லை. ஏனென்றால் அடுத்து, செயலாளர் கேமராவை நீட்டுவது அவர் கண்ணில் பட்டது. மகளின் கை இன்னும் ஒரு சிவப்பு மூடிப் பாட்டிலை விடாமல் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

படம் பிரமாதமாக வந்தது. 'கடலிலிருந்து குப்பையை மீட்ட தந்தையும் மகளும்.' கேடயத்தைக் கொடுக்கும்போது அதிகாரிக்கே கண் கலங்கிவிட்டது.

காரில் வீடு திரும்பும்போது மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் சுருண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டில் நேத்தே நான் எடுத்ததுப்பா."

"பாத்தியா, ஒரே பாட்டிலை ரெண்டு தடவை காப்பாத்தியிருக்க!"

"பாதிக்கு மேல உள்ள போயிடுச்சு."

"விடும்மா" என்றார் காவலர், மடியிலிருந்த கேடயத்தைத் துடைத்தபடி. "கடல் எவ்ளோ பெருசு. தாங்கும்."

அலமாரித் தட்டு நிரம்பிவிட்டது. மேலே அந்தப் படமும் தொங்குகிறது. 'பொண்ணுக்கு யார் கத்துக்குடுத்தது?' என்று விருந்தாளிகள் கேட்கும்போது அவர் அடக்கமாகச் சிரிக்கிறார். மகள் இப்போதும் தோழிகளோடு கரைக்குப் போகிறாள், கோணியும் கையுறையும் எடுத்துக்கொண்டு. எந்தக் கரை என்று மட்டும் அப்பாவிடம் சொல்வதில்லை. கேட்டால், "டியூஷன்" என்கிறாள். அம்மாவும் ஆமாம் என்கிறாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். உங்களிடம் துணிப்பை இருக்கிறது, அதுவும் நிறையவே இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் கிடந்த எதையோ எடுக்கக் குனியப் போனவர், குனிவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தது உண்டா? யாரும் இல்லை என்று தெரிந்ததும் இடுப்பு வலி ஞாபகம் வந்தது உண்டா? வெட்கப்படாமல் சங்கத்துக்கு வாருங்கள். உங்கள் அளவிலும் தொப்பி இருக்கிறது, உறை பிரிக்காமல்.