தாய்மாமன் போட்ட டயர்

ஒரு காட்டில் அருமையான தார்ச்சாலை ஒன்று இருந்தது. பெயருக்குக்கூட ஒரு குழி கிடையாது. காட்டில் ஏது அப்படி ஒரு சாலை என்று கேட்பவர்கள் அடுத்ததாகக் கரடிக்கு ஏது ஜீப் என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. கதை கேட்க வந்தால் கதையைக் கேட்க வேண்டும்.

ஜீப் வைத்திருந்த கரடியின் பெயர் கொம்பையா. அவருடைய தங்கை செண்பகம் மலை உச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் குட்டிக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் கரடிக்குட்டிக்குக் காது குத்துவார்கள்.

"நீ வந்து இறங்குறதப் பார்த்து என் மாமியார் வாயடைச்சுப் போவணும்ண்ணே" என்று செண்பகம் போனில் சொன்னாள். "நல்ல நேரத்துக்குள்ள வந்துரு. வரலைன்னு வையி, இந்த வீட்ல நான் தலை நிமிந்து நடக்க முடியாது."

கொம்பையாவின் காதில் மாமியார் வரைக்கும்தான் ஏறியது. நேரே டயர் கடைக்குப் போனார்.

கடை நடத்தியது ஒரு முள்ளம்பன்றி. பெயர் குத்தாலிங்கம். உடம்பெல்லாம் முள் இருப்பவர் டயர் கடை வைத்தால் வியாபாரத்துக்கு என்ன குறை?

"அண்ணாச்சி, இந்தச் சூம்பிப்போன டயரோடயா தங்கச்சி வீட்டுக்குப் போறிய?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு டயரை மூச்சு வாங்க உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மேல் துருத்திக்கொண்டிருந்த ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் கருப்பட்டி வட்டு அளவுக்கு இருந்தது. "சேறு, பாறை, மணலு, ஆத்துத் தண்ணி, எதுல விட்டாலும் ஏறும்."

"தங்கச்சி வீடு வரைக்கும் தார் ரோடுதான?" என்று கேட்டது கூட வந்திருந்த கொம்பையாவின் பக்கத்து வீட்டு ஆமை. ஆமைக்கு வண்டி கிடையாது. ஆகவே இந்தக் கதையில் அதற்கு 'ஆர்' விகுதியும் கிடையாது.

"தார் ரோட்டுல எந்த டயருதான் ஓடாது வே?" என்றார் குத்தாலிங்கம். கொம்பையாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது.

நான்கையும் மாட்டினார்கள். நின்ற நிலையில் ஜீப் ராஜா மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்ததும் டயர் மட்கார்டில் 'கர்ர்ர்' என்று உரசியது.

"என்னவே சத்தம்?" என்றார் கொம்பையா.

"புது டயருல்லா அண்ணாச்சி, கூச்சப்படுது."

"உரசுது" என்றது ஆமை. "ஒரு அளவு சின்னதாப் போட்டா வண்டி திரும்பும்."

"திரும்புறதுக்கு ஆட்டோ இருக்கு. இது ஜீப்பு" என்றார் குத்தாலிங்கம். ஆனாலும் வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாதே என்று ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து ஜீப்பைத் தூக்கிவிட்டார். கொம்பையாவால் அதில் ஏற முடியவில்லை. ஏறுவதற்கு ஒரு முக்காலியும் அதே கடையில் கிடைத்தது, என்ன ஒரு தற்செயல்! அப்புறமும் உரசியது. மட்கார்டின் ஓரத்தை வெட்டினார்கள். அப்புறமும் உரசியது.

"நேரா பார்த்து ஓட்டுங்க அண்ணாச்சி" என்று குத்தாலிங்கம் பக்குவம் சொல்லி அனுப்பினார். "ஸ்டியரிங்கைத் தொட்டாத்தான் பிரச்சினை."

ஆமைக்கும் அழைப்பு வந்திருந்தது. அது வியாழக்கிழமையே காட்டுக்குள் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கியது. நீதிக்கதை கேட்டு வளர்ந்த பிராணி, பாவம்.

வெள்ளிக்கிழமை கொம்பையா சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, முக்காலி போட்டு ஏறி, புறப்பட்டார். மலையடிவாரம் வரைக்கும் சாலை நேராக இருந்தது. வழியெல்லாம் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. ஒடித்தார். டயர் மட்கார்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. ஜீப் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை.

நடந்து போயிருக்கலாம். மேலே இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் டயரை இங்கே விட்டுவிட்டுக் கால்நடையாகப் போய் நின்றால் எந்த மாமியார் வாயடைத்துப் போவாள்? நல்ல நேரம் வேறு கரைந்துகொண்டிருந்தது. தங்கை முகத்தை நினைத்ததும் கொம்பையாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே போன் செய்தார்.

"செம்பா, முதல் வளைவுலயே மாட்டிக்கிட்டேன் தாயி. டயரு பெருசாப் போயிட்டு." நம்ப மாட்டாளோ என்று ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினார்.

செண்பகத்தின் கையிலிருந்து மாமியார் போனைப் பிடுங்கினாள். பார்த்தாள். வாயடைத்துப் போனாள். பிறகு அந்த வாயைத் திறந்து, "எம்மாடி, எம்புட்டு பெருசு! எல்லாரும் கிளம்புங்க, கீழ போவோம்" என்றாள்.

பந்தலில் இருந்த கூட்டமே மலையிறங்கியது. ஜீப்பின் நிழலில் ஜமுக்காளம் விரித்து, நல்ல நேரம் முடிவதற்குள் குட்டியைக் கொம்பையா மடியில் உட்கார வைத்தார்கள். அவசரத்தில் ஆசாரி ஊசியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். உரசலுக்கு அடுத்த வைத்தியம் விற்கலாம் என்று பின்னாலேயே வந்திருந்த குத்தாலிங்கம் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவிக் கொடுத்தார். மாமியார் டயரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். செண்பகம் அன்று நிமிர்த்திய தலையை இன்னும் இறக்கவில்லை.

வண்டி ஏன் நடுவழியில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டயர் எந்தக் கடை என்றுதான் கேட்டார்கள். குத்தாலிங்கத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. அன்று அங்கே குத்தப்பட்ட காதுகளில் ரத்தம் வந்தது குட்டியின் காதுகளில் மட்டும்தான்.

அதே நேரத்தில் ஆமை மலை உச்சியை அடைந்தது. நல்ல நேரத்துக்குள் வந்துவிட்ட பெருமையோடு பந்தலுக்குள் தலையை நீட்டியது. காவலுக்கு இருந்த கீரி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"எதுல வந்தீரு?" என்று கேட்டது கீரி.

"நடந்துதான்."

"அப்ப வெளிய இரும். விருந்தாளுகள்லாம் கீழ இருக்காங்க."

நீதி: சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாத அளவுக்குப் பெரிய டயராகப் பார்த்துப் போடுங்கள், அவர்களே வந்துவிடுவார்கள்.